ரோடு எஞ்சினைப் பார்க்கப் போனவள்

சுகிர்தத்துக்கு நாலு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

காதில் குறை இல்லை. அடுப்படியில் கருப்பட்டிப் பானையின் மூடியை எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும், தெருவில் விளையாடிக்கொண்டிருப்பவள் வந்து நின்றுவிடுவாள். கோவில்பட்டியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று கை தட்டினார், சாவிக்கொத்தை ஆட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். அவள் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பினாள், நீட்ட வேண்டியதை நீட்டினாள். போதாததற்கு டாக்டர் மேஜைமேல் கழற்றி வைத்த குழாயை எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு, அதன் தகட்டைச் சுவரில் வைத்து என்ன கேட்கிறது என்று பார்த்தாள்.

"குறை ஒண்ணும் இல்லை. பேசும்போது பேசுவா" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார்.

ஒத்தப்பனைப்பட்டிக்கு ஏழு மைல். மாட்டு வண்டியில் திரும்பி வரும்போது நேசம்மாள் அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு வந்தாள். பேசும்போது என்றால் எப்போது?

அவளுடைய கணவர் சாமுவேல்ராஜ் அந்த ஊர் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஊரில் தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள், தெலுங்கு பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் என்று நாற்பது பேருக்கு அவர்தான் எழுத்தும் உச்சரிப்பும் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளை எதிரில் உட்காரவைத்து, மடியில் சிலேட்டை வைத்துக்கொள்வார்.

"அம்மா. சொல்லு பாப்போம், அம்மா."

சுகிர்தம் அவருடைய மீசையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர் 'ம்' என்று இழுக்கும்போது விரலைக் கொண்டுபோய் அவர் தொண்டையில் வைப்பாள். அங்கே அதிர்வது தெரிந்ததும் தன் தொண்டையிலும் விரலை வைத்துப் பார்ப்பாள். சத்தம் மட்டும் வராது. அரை மணி நேரம் கழித்து அவர் சிலேட்டை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

நேசம்மாள் செம்மணல் தேரிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரிசல்மண் ஊருக்கு வந்தவள். மகளுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குப் பேச்சில்லாமலே தெரியும். மூக்கைச் சுருக்கினால் பால் வேண்டாம். முந்தானை நுனியைச் சுற்றிப் பிடித்தால் தூக்கம். பானைப் பக்கம் கண் போனாலே நேசம்மாள் செம்பில் தண்ணீர் மொண்டுவிடுவாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"எங்க நடுவுள்ளவன் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று எதிர் வீட்டு ஆவுடைத்தாய் தேற்றுவாள். ஆடு வளர்க்கிற குடும்பம் அவளுடையது. "இப்பம் பாருங்க வாத்தியாரம்மா, மூடமாட்டேங்கான்."

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனி மாதம், பெரிய சாலையிலிருந்து ஒத்தப்பனைப்பட்டிக்கு ஜல்லி பரப்பிக் கப்பி ரோடு போட ஆரம்பித்தார்கள். ஊருக்குக் கிழக்கே, பருத்திக் காட்டுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடகடவென்று உருளும், நிற்கும், பிறகு புஸ்ஸென்று பெருமூச்சு விடும். முதல் நாள் சுகிர்தம் கஞ்சி குடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். இரண்டாம் நாள் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையின்மேல் ஏறி நின்று பார்த்தாள். வெள்ளையாக வெடித்துக் கிடந்த பருத்தியும் அதன்மேல் அலையடிக்கிற கானலும்தான் தெரிந்தன. இறங்கி வந்து அம்மாவின் சேலையை இழுத்துக் கிழக்கே கை நீட்டினாள்.

"அது ரோடு எஞ்சினு. ரோடு போடுதாங்க" என்றாள் நேசம்மாள், அரிசியில் கை வைத்தபடியே. "அங்கெல்லாம் பிள்ளைக போகக் கூடாது."

அவளும் அதைப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள், புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். நேசம்மாள் இரண்டு குடம் தண்ணீர் எடுக்கப் போய்விட்டு வந்தாள். வாசலில் கஞ்சிக் கிண்ணம் பாதியாக இருந்தது. பிள்ளை இல்லை.

கதவுக்குப் பின்னால் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். எதிர் வீட்டு ஆட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள். ஆவுடைத்தாய் பருத்தி எடுக்கப் போயிருந்தாள். தொழுவத்தில் சினையாடு ஒன்றுதான் நின்றது. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கு. வகுப்பில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் சாமுவேல்ராஜ் வெளியே வந்தார்.

"சுகி இங்கன வந்தாளா?"

"இல்லையே. என்ன நேசம்?"

"காணும்."

அவர் உள்ளே திரும்பி என்னவோ சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு மேற்கே ஊருணிப் பக்கம் போனார். நேசம்மாள் கிழக்கே ஓடினாள். கிழக்கேதான் கிணறுகள். கரிசல் காட்டுக் கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். முதல் கிணற்றின் விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரில் அசைவு இல்லை. இரண்டாவது கிணற்றில் தண்ணீரே இல்லை.

"சுகி! ஏட்டி சுகி!" என்று கத்தினாள்.

கத்திய பிறகுதான் உறைத்தது. பிள்ளை எங்கே விழுந்து கிடந்தாலும் 'அம்மா' என்று பதில் குரல் வராது. கூப்பிட்டுத் தேட முடியாத பிள்ளை அவள்.  நேசம்மாள் எழுந்து வண்டிப்பாதைக்கு வந்தாள். அங்கே புழுதியில் சின்னச் சின்னப் பாதத் தடங்கள் தெரிந்தன. கிழக்குப் பார்த்துப் போயிருந்தன.

எதிரே ஒரு பெண் வெறும் பாத்திரங்கள் இருந்த சோற்றுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். பதினைந்து நாளைக்கு முன்னால்தான் கல்யாணமாகி எட்டயபுரம் பக்கத்திலிருந்து ஊருக்கு வந்த வள்ளித்தாய். நேசம்மாள் அவளோடு பேசியது இல்லை.

"தாயி, ஒரு சின்னப் பிள்ளைய பாத்தியா? பச்சைக் கவுனு."

"பாத்தேனே. இப்பத்தான் போகுது. ஏட்டி, ஆரு வீட்டுப் பிள்ள, எங்க போறன்னு கேட்டேன். சத்தத்தைப் பாக்கப் போறேன்னு சொல்லிச்சு. ரோடு வேலைக்கு வந்தவங்க பிள்ளையாக்கும்னு விட்டுட்டேன்."

நேசம்மாள் அப்படியே நின்றாள்.

"அது எம்பிள்ளை இல்ல" என்றாள். "எம்பிள்ளைக்குப் பேச்சு வராது."

"பேச்சு வராதா? எடது புருவத்துல ஒரு தழும்பு, கையில பாதித் தின்ன வெள்ளரிப்பிஞ்சு..."

தழும்பு சரிதான். போன வருஷம் உரலில் இடித்துக்கொண்டது. வெள்ளரிப்பிஞ்சு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அது என்னையவே கேள்வி கேட்டுச்சுக்கா" என்றாள் வள்ளித்தாய், கைகளை நீட்டிக் காட்டி. "ஏன் ஒத்தக் கையில மட்டும் வளவி போட்டிருக்கன்னுச்சு. நேத்து தண்ணி எறைக்கயில ஒடஞ்சுபோச்சுன்னேன். வலிச்சுதான்னு கேட்டுச்சு. புதுசா வந்த ஊர்ல என்னைய ஒருத்தரும் அப்படிக் கேக்கல."

நேசம்மாள் ஓட ஆரம்பித்தாள். இதுவரை நெஞ்சில் பயம் ஒன்றுதான் இருந்தது. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வலிச்சுதா என்று கேட்டாளாம். யார்? சுகியா?

சோளம் அறுத்த காடு ஒன்றில் செம்மறி ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். ஆடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. கூண்டுக்குள் அடைத்திருந்த குட்டிகளுக்குக் காவலாக ஒருவர் வேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். பெயர் பூவனலிங்கம். ராமநாதபுரம் சீமையிலிருந்து கிடைக்கு வந்தவர். நிலம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்ததால் தாண்டித் தாண்டித்தான் அவரிடம் போக முடிந்தது.

"பச்சைச் சட்டைப் பாப்பாவா? வந்துச்சே. அந்தா, அந்த வெடிப்புக்குள்ள முழங்கை வரைக்கும் கைய விட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பூச்சி பொட்டு கெடக்கும்னு நாந்தான் சத்தம் போட்டேன். உள்ள குளுகுளுன்னு இருக்கு, நீரும் கைய விட்டுப் பாரும்னு எங்கிட்டயே சொல்லிச்சு."

"சொல்லிச்சா?"

"சொல்லிச்சே. பெறகு குட்டி ஏன் கத்துதுன்னு கேட்டுச்சு. அம்மையத் தேடுதுன்னேன். அம்மை எங்கன்னுச்சு. மேயப் போயிருக்குன்னேன். வந்துருமா? வந்துரும். சரின்னு எந்திருச்சுப் போயிருச்சு."

நேசம்மாள் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, அது குரல் எப்படி இருந்துச்சு?"

அவருக்குப் புரியவில்லை. "எப்படின்னா? பிள்ளைக குரல் மாதிரித்தான்."

"கீச்சுன்னா? கனமாவா?"

"கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. சளி பிடிச்சாப்ல."

"வார்த்தை எல்லாம் முழுசா வந்துச்சா? மழலையா இருந்துச்சா?"

"ஏம்மா, பிள்ளையக் காணும்னு வந்தீங்களா, பாட்டுப் பாட ஆள் எடுக்க வந்தீங்களா?" என்றார் பூவனலிங்கம். அவர் கிழக்கே கை காட்டியபோதுதான் எந்தப் பக்கம் போனாள் என்று கேட்க மறந்தது நேசம்மாளுக்கு நினைவு வந்தது.

புதிய ரோட்டின் ஓரமாகக் கருங்கல் ஜல்லி குவியல் குவியலாகக் கிடந்தது. வேலைக்காரப் பெண்கள் தூரத்து வேப்பமரத்தடியில் கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ரோடு எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. முன்னால் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்பு உருளை, பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், நடுவில் ஒரு புகைக்குழாய். அதன் நிழலில் டிரைவர் ஆறுமுகசாமி தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரில் கவிழ்த்த வாளியின்மேல் சுகிர்தம் உட்கார்ந்திருந்தாள்.

நேசம்மாள் 'சுகி' என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் அந்தக் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, இது என்ன திங்கும்?"

நேசம்மாள் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் போனால் அந்தக் குரல் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

"கரி திங்கும் தாயி. தண்ணி குடிக்கும்."

"எம்புட்டுக் குடிக்கும்?"

"அந்தா நிக்குதுல்ல பீப்பா, அதுல நாலஞ்சு."

"அப்பம் மூத்திரம் போவுமா?"

ஆறுமுகசாமிக்குச் சோறு புரையேறியது. சிரித்து முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். "போவும். அந்தா கீழ சொட்டுது பாரு."

சுகிர்தம் குனிந்து பார்த்தாள். "கீழ சொட்டுது. சுடுமா?"

"சுடும். கிட்டப் போகக் கூடாது."

"தொடமாட்டேன். அண்ணாச்சி, இங்கே கவனியும். இது கல்லை நசுக்குதே, கல்லுக்கு அடியில எறும்பு இருந்தா?"

'எம்புட்டு', 'அப்பம்' எல்லாம் ஆவுடைத்தாய் பேச்சு. ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டதும் அவள் மாதிரியேதான். 'இங்கே கவனியும்' பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. சாமுவேல்ராஜ் வகுப்பில் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வது. இவ்வளவு நாளும் எல்லாவற்றையும் எடுத்து எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள். என் பேச்சு ஏதாவது இருக்குமா என்று நேசம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அந்த நேரம் எஞ்சின் புஸ்ஸென்று நீராவியை விட்டது. சுகிர்தம் வாளியிலிருந்து துள்ளி எழுந்து, "ஏசப்பா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். நேசம்மாள் தன் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அது அப்படியே அவள்தான்.

பின்னால் சைக்கிள் சத்தம் கேட்டது. சாமுவேல்ராஜ் வியர்த்து வழிய வந்துகொண்டிருந்தார். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள். அவர் சைக்கிளைச் சத்தமில்லாமல் தரையில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"கெடச்சுட்டாளா? ஏன் இங்கன..."

"பேசாதீங்க. கேளுங்க."

அவர் கேட்டார். எறும்பு தப்பித்து ஓட நேரம் கொடுப்பதற்காகத்தான் எஞ்சின் மெதுவாகப் போகிறது என்று ஆறுமுகசாமி சொல்லிக்கொண்டிருந்தார். அது கீழே இருக்கிற எறும்புக்கு எப்படித் தெரியும் என்று சுகிர்தம் விடாமல் கேட்டாள். சாமுவேல்ராஜின் கண்ணாடி மங்கியது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மனைவியின் காதருகே சொன்னார்.

"நேசம், 'ழ' வருது. கீழன்னு சரியாச் சொல்லுதா."

டிரைவர் கை கழுவ எழுந்தவர் இருவரையும் பார்த்துவிட்டார். "யாரு? பாப்பாவத் தேடித்தான் வந்தீங்களா?"

சுகிர்தம் திரும்பினாள். அம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு எஞ்சினைக் கை நீட்டிக் காட்டினாள். காட்டினாளே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

சாமுவேல்ராஜ் அவள் முன்னால் மண்டியிட்டார். "சுகி, இப்ப அந்த மாமாகிட்ட பேசினியே. அப்பாகிட்டயும் சொல்லு. அப்பா. சொல்லும்மா."

அவள் அவர் மீசையைப் பார்த்தாள்.

"இம்புட்டு நேரமும் வாய் ஓயலையே!" என்றார் ஆறுமுகசாமி. "என்னையச் சோறு திங்க விடல."

"எங்ககிட்ட இதுவரை ஒரு வார்த்தை பேசினதில்ல அண்ணாச்சி" என்றாள் நேசம்மாள். அவர் நம்பாமல் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து வந்த பிள்ளை வாய் திறக்கவில்லை. சாயங்காலம் சிலேட்டு ஆணியிலிருந்து இறங்கியது. அன்றைக்கு ஒரு மணி நேரம் நடந்தது. பலன் இல்லை.

நேசம்மாள் மறுநாள் காலை முழுவதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த பெண், வெளியூர்க் கிடைக்காரர், டிரைவர். மூவருக்கும் சுகிர்தத்தைத் தெரியாது. அவள் பேசமாட்டாள் என்பதும் தெரியாது. கேட்டார்கள், பதிலுக்குக் காத்திருந்தார்கள். இங்கே யார் காத்திருந்தார்கள்? அவள் கேட்கும் முன்னால் தண்ணீர் வந்துவிடுகிறது. இல்லையென்றால் சிலேட்டு வந்துவிடுகிறது.

அப்போது சுகிர்தம் பானைப் பக்கம் பார்த்தாள். நேசம்மாள் செம்பை எடுக்கவில்லை.

"என்ன வேணும் பிள்ளே? எனக்குத் தெரியலையே."

சுகிர்தம் அம்மாவை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தானே போய் எக்கி நின்று மொண்டாள். பாதித் தண்ணீர் கவுனில் கொட்டியது. குடித்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள். மத்தியானம்வரை அம்மா பக்கம் திரும்பவில்லை.

நேசம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. தெரிந்ததைத் தெரியாதென்று சொன்னது அந்த நாலு வயதுகூட நிறையாதவளுக்குத் தெரிந்துபோயிற்று. அப்படியானால் நிஜமாகவே தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று யோசித்தாள். அந்த எஞ்சின் இருந்தது. நேற்று அவ்வளவு நேரம் அதன் பக்கத்தில் இருந்தும் அவள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

கஞ்சியை மூடி வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆறுமுகசாமி வேலையாக இருந்தார். எஞ்சின் நின்ற நேரத்தில் நேசம்மாள் கேட்டாள். "அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இது மாடு இல்லாம எப்படி ஓடுது?"

அவருக்கு உற்சாகமாகிவிட்டது. தீ எரிகிற கதவைத் திறந்து காட்டினார். தண்ணீர் கொதித்து ஆவியாவதையும், அந்த ஆவி போக வழியில்லாமல் ஒரு தடியை முன்னும் பின்னும் தள்ளுவதையும் சொன்னார். சோற்றுப் பானையின் மூடி தூக்கிப் போடுவது மாதிரியா என்று நேசம்மாள் கேட்டாள். அதேதான் என்றார். சுகிர்தம் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் நேசம்மாள் கணவரிடம் சொன்னாள். "ஒரு வாரம் அந்தச் சிலேட்டைத் தொடாதீங்க."

"பயிற்சி விட்டுப்போகும் நேசம்."

"எந்தப் பயிற்சி? அவதான் நமக்குத் தெரியாமலே எல்லாம் படிச்சு வச்சிருக்காளே. நீங்க சொல்லுன்னு சொல்லும்போது அவ மீசையத்தான் பாக்கா."

 மறுநாள் அவர் சிலேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமையும் போனார்கள். சனிக்கிழமை போனபோது எஞ்சின் ரோட்டோரமாக நின்றது. ஆறுமுகசாமி பின்னால் குனிந்து எங்கோ எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். உருளையும் பின் சக்கரங்களும் அசையவில்லை. ஆனால் பக்கவாட்டில் இருந்த இன்னொரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நேசம்மாள் அதை முன்பு கவனிக்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தும் விளங்கவில்லை.

"வண்டி நிக்குது. இது மட்டும் ஏன் சுத்துது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"அது வெளையாடுது" என்றது அவள் இடுப்புக்குக் கீழிருந்து ஒரு கரகரத்த குரல். "இப்பம் அதுக்கு வேலை இல்லேல்லா."

நேசம்மாள் குனியவில்லை. கண்ணைச் சக்கரத்திலேயே வைத்திருந்தாள்.  பிள்ளையைத் தூக்கி முத்தமிட வேண்டும் போல் இருந்தது. அதைவிட, அடுத்ததைக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

"வேலை வந்தா?"

"அண்ணாச்சி அந்தக் கம்பிய இழுப்பாவ. அப்பம் இது நின்னுரும்." முந்தானை ஒரு தடவை இழுபட்டது. "இல்ல. நிக்காது. எல்லாம் சேந்து ஓடும்."

"அண்ணாச்சி சொன்னாவளா?"

"சொல்லல. நாம் பாத்தேன்."

எண்ணெய்க் கிண்ணத்தோடு நிமிர்ந்த ஆறுமுகசாமி நேசம்மாளின் கன்னத்தில் கண்ணீர் ஓடுவதைப் பார்த்தார்.  ஏறி நின்று கம்பியை இழுத்தார். பெரிய உருளை அசைந்தது, ஜல்லி நொறுங்கியது. பக்கத்துச் சக்கரமும் நிற்காமல் சுற்றியது.

"பாத்தீங்களாம்மா?" என்றாள் சுகிர்தம்.

"பாத்தேன்" என்றாள் நேசம்மாள்.

திரும்பி வரும் வழியில் பிள்ளை நிறுத்தாமல் பேசினாள். வெள்ளரிப்பிஞ்சை ஒரு தோட்டத்து வேலி ஓரத்தில் பறித்ததையும் சொல்லிவிட்டாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் பேச்சு நின்றுபோயிற்று. சாமுவேல்ராஜுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. நேசம்மாள் நடந்ததைச் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்டார், சாப்பிடும்போது பாதியில் கொஞ்சம் அழவும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வந்து, அவர் வெறுங்கையோடு வாசலில் உட்கார்ந்து சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுகிர்தம் வந்து பின்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினாள். அவர் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. மிதிகட்டையைப் பின்பக்கமாகச் சுற்றினார். பின்சக்கரம் சுற்றவில்லை. முன்பக்கமாகச் சுற்றினார், சுற்றியது. பின்னால் சுற்றினால் ஏன் சுற்றவில்லை என்று அவரும் இதுவரை யோசித்ததில்லை. சங்கிலியைக் குனிந்து பார்த்தார். மகளும் குனிந்தாள். இருவர் தலையும் இடித்துக்கொண்டன.

"அப்பா, தள்ளுங்க. எனக்குத் தெரியல" என்றாள் அவள்.

உள்ளே அடுப்படியில் நேசம்மாளுக்கு அது கேட்டது. அவள் வெளியே வரவில்லை. கணவர் நகர்ந்து இடம்விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சித்திரை பிறந்ததும் ரோடு முடிந்தது. எஞ்சினை ஆறுமுகசாமி வேறு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதற்குள் ஊரில் சுகிர்தம் கேள்வி கேட்காத ஆள் பாக்கி இல்லை. ஆட்டுக்கு ஏன் மேல்வரிசையில் முன்பல் இல்லை என்று அவள் கேட்டுவிட, பிறந்ததிலிருந்து ஆட்டோடு இருக்கிற ஆவுடைத்தாய் ஓர் ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆமா வாத்தியாரம்மா, இல்லதான்!" என்று சொல்ல ஓடிவந்தாள்.

ஒரு நாள் பிற்பகல் நேசம்மாள் சுளகில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுகிர்தம் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கிய கல்லை வரிசையாக அடுக்கினாள். ரொம்ப நாளாக நாக்கின் நுனியில் இருந்ததை நேசம்மாள் அன்று கேட்டாள்.

"ஏட்டி சுகி, நீ ஏன் இத்தனை நாளும் அம்மாகிட்ட பேசல?"

சுகிர்தம் கையை நிறுத்தி யோசித்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, உளுந்து செடியிலதான காய்க்கும்?"

"ஆமா."

"அப்பம் கல்லு எங்கன இருந்து வந்துச்சு?"

நேசம்மாள் கல்லைப் பார்த்தாள். களத்திலிருந்து வந்திருக்கலாம். சாக்குமூட்டையிலிருந்தும் வந்திருக்கலாம். கரிசல் மண்ணில் இந்த மாதிரிச் சிவப்புக் கல்லை அவளும் பார்த்ததில்லை.

"எனக்கும் தெரியல" என்றாள். சுளகை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். "வா, களத்துல போய்ப் பாப்போம்."